யாழ்ப்பாண மாநகரசபையின் வரலாற்றைக் கொழும்பில் தேடிய கதை

யாழ்ப்பாண மாநகரசபையின் பழைய வரலாற்றை ஒரு விழா மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் இருப்பது வெள்ளவத்தையில். ஊருக்குப் போய்த் தேடலாம் என்றால், பழைய நகர மண்டபம் யுத்தத்திலேயே அழிந்துபோனது. ஆனால் பிரித்தானியர் காலத்து அரசாங்க அதிபர்கள் கொழும்புக்கு அறிக்கை எழுதாமல் இருக்க முடியாது. அதனால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போனேன்.

அடையாள அட்டையோடு, என்ன தேடுகிறோம், எதற்கு என்று விளக்கும் கடிதமும் கையில் இருந்தால் நல்லது. மலர்க்குழுவின் கடிதத்தைக் காட்டியதும் கேள்விகள் குறைந்தன. பேனையை வீட்டில் விட்டு, பென்சிலோடு போங்கள்.

தேடும் முறைதான் முக்கியம். ஊர்ப்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கடதாசிக் காட்டுக்குள் அலைய வேண்டியதுதான். எந்தச் சட்டத்தின் கீழ் அந்தச் சபை இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். 1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகரசபை வந்தது; காலியும் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்துக்கு அப்போது ஒன்றும் இல்லை. 1876இல் வந்த லோக்கல் போர்ட் (சிறு நகரங்களுக்கான உள்ளூர்ச் சபை) சட்டம்கூட யாழ்ப்பாணத்தை எட்டியது 1906இல்தான். ஆகவே அதற்கு முந்திய கான் (வடிகால்), ரோட்டு, சந்தை விஷயங்களுக்குக் கச்சேரி என்ற அரசாங்க அதிபர் அலுவலகத்தின் கடதாசிகளையும் அரசாங்க அதிபரின் அறிக்கைகளையும் கேட்க வேண்டும். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தோடு யூ.டி.சி. என்ற நகர மாவட்டச் சபை, 1939ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நகரசபை, 1949 ஜனவரி 1இல் மாநகரசபை. முதல் மேயர் சாம் சபாபதி. கொழும்புக்குக் கிடைத்தது யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்க எண்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. மலரில் நான் அழுத்திச் சொல்ல விரும்பியது இதைத்தான்.

இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், வர்த்தமானியிலும் நிருவாக அறிக்கைகளிலும் எந்தத் தொகுதியைக் கேட்பது என்று தெரிந்துவிடும். லோக்கல் போர்ட் காலத்தில் அரசாங்க அதிபர்தான் தலைவர். தெரிவாகி வந்த உறுப்பினர்கள் அவருக்குக் கீழே இருந்து பேச வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் குப்பை, கான், வரி விவகாரங்களை வாசித்தபோது, இன்று வெள்ளவத்தையில் மாநகரசபைக்குச் சோலைவரி கட்டிவிட்டு நாங்கள் முணுமுணுப்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆங்கில அறிக்கையில் சபை இருக்கும், ஊர்ச்சனம் இருக்காது. அதற்குத் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்ட வேண்டும். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் வந்த தினகரனும் பிந்திய காலத்துக்குக் கைகொடுக்கும்.

கடைசிப் பகுதியில்தான் இழுபறி. 1983க்குப் பிறகு தேர்தல் நடந்தது 1998 ஜனவரியில். மேயரான சரோஜினி யோகேஸ்வரன் மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். விழா மலர்தானே, இதை ஒரு வரியில் முடிக்கலாமே என்றார் குழுவில் ஒருவர். கட்டுரை நீளம் என்றால் கான் கதையை வெட்டுங்கள், இதில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அப்படியே கானை வெட்டிவிட்டார்கள்.