அப்பாயி தலையணைக்கு அடியில் அரிசி

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

தலையணை உறையை மாற்றும்போது மறுபடியும் அரிசி. இந்தத் தடவை கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறார். எடுக்காதே என்றார் அம்மா. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

தாதி வந்து பார்த்தார். கால் வீக்கம் வடியவில்லை. கஞ்சி நாலு கரண்டி.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விடிகாலையில் நானும் மகளும் இங்கே சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுத்தோம். அப்பாயி வராத முதல் பூசம். வழி நெடுக அதே நினைப்பு.

திரும்பி வந்து விபூதி பூசிவிட்டபோது என் காதைத் தடவிப் பார்த்தார். "தோட்டக் கழட்டிக் குடுத்திராத. அம்மா குடுத்திருச்சு."

யாருக்கு அப்பாயி?

"பாடாங்குல. நேதாஜி பேசுனாருல்ல."

பிப்ரவரி 12, புதன்

தூக்கமில்லை. அந்தத் தோடு கள்ளச் சந்தையில் அரிசிக்குப் போனது என்றுதான் அப்பா சாகும்வரை சொன்னார். ஜப்பான்காரர்கள் ஆண்டபோது அச்சடித்த வாழைமர நோட்டுக்கு மதிப்பு இல்லாமல் போக, தங்கத்துக்குத்தான் அரிசி கிடைத்ததாம். இப்போது அப்பாயி வேறு சொல்கிறார். நேதாஜி தன் படைக்கு ஆதரவு கேட்டுப் பேசிய 1943 ஜூலை பாடாங் திடல் கூட்டம் என்றால் அவருக்கு 11 வயது. என் மகளுக்கு இப்போது என்ன வயதோ, அதே வயது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாரா, யாரோ சொல்லக் கேட்டதையா?

அந்த வருடம் அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ ஸ்திரீட்டில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தார்கள். அதன் தலைவி கேப்டன் லட்சுமி இங்கே டாக்டராக இருந்தவர். சேர்ந்த பெண்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அப்பாயியின் அக்காவும் போகிறேன் என்று நின்றாராம். "நீ போனா கிழங்குக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டாராம் அவர் அம்மா. அந்த அம்மாவின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. அவர் திரும்பவே இல்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் பானையில் போட்டுவிடுவாராம். மூன்றரை வருடம். ஐந்து பிள்ளைகளும் பிழைத்தார்கள். அந்தப் பிடியை எந்தப் படையின் கணக்கில் எழுதுவது? எனக்கு அழுகை வருகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று பேசவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

நாளை போர்க்காலத்தை நினைவூட்டும் முழுமைத் தற்காப்பு தினம் என்பதால் பள்ளியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்திருக்கிறார்கள். மகள் இரண்டு துண்டைத் தாளில் மடித்து அப்பாயிக்குக் கொண்டுவந்தாள். எனக்குப் பயம். இந்த வீட்டில் எனக்குத் தெரிந்து மரவள்ளி வாங்கியதே இல்லை.

அப்பாயி வாங்கி முகர்ந்தார். "உள்தோல உரிச்சியா?" என்று பிள்ளையைக் கேட்டார். கட்டை விரலை ஆட்காட்டி விரல்மேல் வைத்து, கத்தியால் நீளமாக ஒரு கீறல், அப்புறம் சுருட்டி எடுப்பது என்று வெறுங்கையால் செய்து காட்டினார். பட்டை போனால் போதாதாம். அடியில் இருக்கும் ரோஸ் நிறத் தோலும் முழுசாக வர வேண்டும், தண்ணீரை மாற்றி வேகவைக்க வேண்டும், கசந்தால் துப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு மயக்கம் வரும். அத்தனை நாள் கழித்து இவ்வளவு பேச்சு.

சாப்பிடவில்லை. துண்டை அவளிடமே திருப்பிக் கொடுத்து, "நீ தின்னு" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, மகள் கடைசித் துணுக்கு வரை தின்றாள்.

பிப்ரவரி 15, சனி

சாயங்காலம் 6.20க்கு அபாயச் சங்கு. நாடு முழுக்க ஊதுவார்கள் என்று தெரிந்தும் சன்னலை அடைக்க மறந்துவிட்டேன். என் தப்பு. சத்தம் நின்று ஒரு மணி நேரம் ஆகியும் என் மணிக்கட்டை விடவில்லை. "பானைய உள்ள வை, பானைய உள்ள வை." வைத்துவிட்டேன் அப்பாயி, வைத்துவிட்டேன்.

1942இல் சிங்கப்பூர் விழுந்த அதே சாயங்காலம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தோட்டைப் பற்றி மறுபடி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அரிசிக்குக் குடுத்துச்சு" என்று வலது காதைத் தொட்டார். பாடாங் கதையைச் சொன்னபோது இடது காது. அன்று கவனிக்கத் தோன்றவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மூச்சு வேகமாக இருக்கிறது. தாதி இரவு தங்குகிறார். மகள் சமையலறையிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து அப்பாயியின் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.