அடுத்த பாவில் பார்த்துக்கொள்ளலாம்

“அண்ணா, ஒரே ஒரு வரிதான்.” வெளியீட்டுக்கு நான்கு நாட்கள் இருந்தபோது பெருந்துறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அழைத்தார். பில் அச்சாகும்போது ஓரம் வெட்டுப்படுவதைச் சரிசெய்திருக்கிறார். உறைந்த கிளையில் அதைச் சேர்க்க வேண்டுமாம்.

சரவணம்பட்டியில் அலுவலக வேலை முடிந்த பிறகு, இரவுகளில் ஒரு கட்டற்ற மென்பொருளின் வெளியீட்டுக் கிளையைப் பார்த்துக்கொள்கிறேன். சிறு ஜாப் ஒர்க் கூடங்கள் பில் போடுவதற்கான மென்பொருள் அது. அன்றாட மாற்றங்கள் எல்லாம் சேரும் முதன்மைப் பிரதிக்கு மெயின் என்று பெயர். வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு அதிலிருந்து வெளியீட்டுக்கான பிரதி ஒன்று கிளையாகப் பிரியும். அன்றோடு அது உறைந்த கிளை; அதற்குள் புதிய வசதி எதுவும் போகாது. கணக்கைத் தவறாக்கும், தரவை அழிக்கும் பிழைகளுக்கு மட்டுமே வழி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வழியை நானே அகலத் திறந்துவிட்டேன். ஓர் எச்சரிக்கைச் செய்தியின் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை என்று ஒருவர் திருத்தம் அனுப்பினார். புள்ளிதானே என்று இரவு பதினொரு மணிக்கு இணைத்துவிட்டேன். எங்கள் மொழிபெயர்ப்புகள் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் கோப்புகளில் இருக்கின்றன. ஆங்கில மூல வாக்கியத்தை வைத்துத்தான் அது தமிழ் வாக்கியத்தைத் தேடும். மூலத்தில் ஒரு புள்ளி கூடினாலும் பொருத்தம் அறுந்துபோய், திரையில் ஆங்கிலமே வந்து நிற்கும். கோபிச்செட்டிபாளையத்தில் ஓர் ஆசிரியை கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எல்லா வாக்கியங்களையும் தமிழாக்கி முடித்திருந்தார். ‘இந்தப் பில்லை அழித்தால் திரும்பப் பெற முடியாது’ என்று அவர் எழுதிய வரி மட்டும் அந்தப் பதிப்பில் வரவில்லை. பல்லடத்தில் கணக்கெழுதும் ஓர் அக்கா ஆங்கிலம் புரியாமல் பொத்தானை அழுத்தி, ஒரு பில்லை இழந்தார்.

ஆசிரியை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “இனி மாறாது என்று நம்பித்தானே தம்பி சரிபார்த்து முடித்தேன்” என்றார். லினக்ஸ் கணினிகளுக்கான திரைச்சூழலை உருவாக்கும் க்னோம் திட்டத்தில், திரையில் வரும் சொற்களுக்கென்றே தனி உறைநிலை இருப்பது எனக்கு முன்பே தெரியும். அதன் அருமை அன்றுதான் தெரிந்தது.

திருத்தத்தை வரிக்கணக்கில் அளப்பதை அத்துடன் விட்டேன். அது தவறாக இருந்தால் யார் கண்ணிலாவது படுவதற்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது? அதைத்தான் இப்போது பார்க்கிறேன். மெயினில் மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. உறைந்த கிளையில் விரல்விட்டு எண்ணலாம்.

அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர். பாவு, அதாவது துணியின் நீளவாக்கு இழைகள், தறியில் ஏறிய பிறகு அறுந்த இழையை முடிச்சுப் போட்டு ஓட்டுவார். இழைக் கணக்கை மாற்றச் சொன்னால், கேட்பவர் யாராக இருந்தாலும், “அடுத்த பாவில் பார்த்துக்கொள்ளலாம்” என்பதுதான் பதில்.

இப்போது எங்களிடம் எந்தத் திருத்தமும் முதலில் மெயினுக்குத்தான் போகும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் சேரும் ஸ்டேபிள் கிளைகளிலும் அடிப்படை விதி அதுவே. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மைப் பிரதியில் அந்தத் திருத்தமோ அதற்கு ஈடானதோ ஏற்கனவே இருக்க வேண்டும். சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிகளைத் தாண்டக்கூடாது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். உறைந்த கிளையில் மட்டும் சரிசெய்த பிழை அடுத்த பதிப்பில் மறுபடியும் முளைக்கும். அந்தக் கொடுமையை நாங்களும் பட்டிருக்கிறோம். மெயினில் சேர்ந்த திருத்தத்தை மட்டும் கிட் கருவியில் ‘-எக்ஸ்’ போட்டு உறைந்த கிளைக்கு நகலெடுக்கிறோம்; இதற்குச் செர்ரி-பிக் என்று பெயர். மூல கமிட்டின், அதாவது மெயினில் பதிந்த மாற்றத்தின், அடையாளம் குறிப்பிலேயே பதிந்துவிடுவதால், எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடி அலைய வேண்டியதில்லை. லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான டெபியனில் உறைநிலையின் கடைசிக் கட்டத்தில், மாறிய வரிகளை இணைத்து, காரணம் எழுதி, வெளியீட்டுக் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டும். காரணத்தை எழுத உட்காரும்போதே பாதிப் பேருக்கு அவசரம் தணிந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

ஆனால் மறுப்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. யாருக்கும் இங்கே சம்பளம் இல்லை. அந்த மாணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒற்றை வரியில் மறுப்பு எழுதுவது மரியாதை அல்ல. அரை மணி நேரம் பேசினேன். முற்றுப்புள்ளியின் கதையைச் சொன்னேன். அவருடைய திருத்தத்தை அன்றிரவே மெயினில் இணைத்தேன். அடுத்த பதிப்பு தையில் வரும் என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “தைக்குள் இதற்கு ஒரு சோதனையும் எழுதிவிடுகிறேன் அண்ணா” என்றார்.