உப்புக்காற்றில் ஒரு 3.5 சிசி நைட்ரோ எஞ்சின்: ஷிம், கசிவு, மணல், துரு

வேலைக்கு எடுத்தது 3.5 சிசி எஞ்சின், ஹாபிக்காரர் பேச்சில் பாயிண்ட் இருபத்தொன்று (0.21 கன அங்குலம்). எட்டில் ஒரு பங்கு அளவு பகிக்கு, அதாவது மண்தரையில் ரிமோட்டில் ஓட்டும் மாடல் காருக்குப் போடுவது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 16.6 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 16 மி.மீ. பித்தளை ஸ்லீவ் (பிஸ்டன் ஓடும் குழாய்), உள்ளே குரோம் பூச்சு, ரிங் இல்லாத அலுமினிய பிஸ்டன். எரிபொருளில் நைட்ரோ மீத்தேன் 25 சதவீதம், எண்ணெய் 12 சதவீதம், மீதி மெத்தனால். ஓடும் தரை, ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாய். நேர் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் சுற்று வேண்டும் என்பதுதான் ஆரம்பத்தில் இருந்த ஆசை. கணக்கு நாளில் வைக்கவில்லை, எரித்த லிட்டரில் வைத்தது.

முதல் 2 லிட்டர் எஞ்சினைப் பழக்குவதற்கே போனது. இந்த வகை ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் ஃப்ளைவீல் சிக்கி நிற்கும். அதைப் பழுது என்று நினைத்து ஸ்டார்ட்டர் பெட்டியை வைத்து அழுத்தினால் கனெக்டிங் ராடின் கீழ்ப் புஷ்தான் அடிவாங்கும். ஹீட்கன்னால் ஹெட்டை 80 டிகிரிக்குக் கொண்டுவந்தால் பித்தளை விரிந்து பிடி தளரும், பிறகு ஒரே தொடலில் எடுக்கும். நம்ம ஊர் வெயிலில் வைத்த எஞ்சின் கைசுடும் என்பதால் ஹீட்கன் வேண்டாம் என்பார்கள். வெயில் சூடு அந்த 80 டிகிரியை எட்டாது, அது போதாது. எரிபொருளை அளவுக்கு மீறி வார்த்து, 70 டிகிரியில் புகை கக்கவிட்டுப் பழக்குவதும் தப்பு. ஸ்லீவ் விரியாமலே பிஸ்டன் உரசித் தேயும். 95 முதல் 100 டிகிரி வரை, சற்றே ரிச்சாக (எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக), ஒவ்வொரு டேங்குக்கும் நடுவே முழுசாக ஆறவிட்டு ஓட்டியது. நிறுத்தியதும் பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். மேலே நின்றபடி ஆறினால் குறுகும் ஸ்லீவ் அதை இறுக்கிவிடும்.

2 லிட்டரில் பிரித்து அளந்தோம். பாகை வட்டத்தை அச்செடுத்து ஃப்ளைவீலில் ஒட்டி, கம்பித்துண்டு ஒன்றை முள்ளாக வைத்து, புகைபோக்கித் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் விளிம்பு போர்ட்டைத் திறக்கும் இடம் தெரியும். ஒரு சுற்றில் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) திறந்திருப்பது 168 டிகிரி, டிரான்ஸ்ஃபர் (புதுக் கலவை உள்ளே வரும் துளை) 124. எக்ஸாஸ்ட் முந்தித் திறந்து டிரான்ஸ்ஃபர் திறக்கும் வரை உள்ள இடைவெளி, வித்தியாசத்தில் பாதி, 22 டிகிரி.

போர்ட்டை உயர்த்த டயமண்ட் பர் எடுத்துக் குடைவது ஒரு வழி. குரோம் பூச்சு உரிந்தால் ஸ்லீவ் குப்பைக்குத்தான், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்லீவின் கழுத்துக்கு அடியில் 0.2 மி.மீ. செப்பு ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வைத்து ஸ்லீவையே தூக்கியது. ஹெட்டும் கூடவே உயரும் என்பதால் மேலே இருந்த 0.2 ஷிம்மை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரஷன் இறங்கிவிடும். பிளக் துளை வழியாக ஈயக்கம்பியைச் சிலிண்டர் ஓரம் வரை விட்டு, ஃப்ளைவீலை ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய முனையை மைக்ரோமீட்டரில் அளந்ததில் 0.5 மி.மீ. இந்த நைட்ரோவுக்கு அது சரி.

இந்த ஸ்ட்ரோக்குக்கு, ஸ்லீவ் 0.1 மி.மீ. உயர்ந்தால் எக்ஸாஸ்ட் சுமார் ஒன்றரை டிகிரி கூடும், டிரான்ஸ்ஃபர் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி கூடும். போர்ட் எவ்வளவு கீழே இருக்கிறதோ அங்கே பிஸ்டன் அவ்வளவு மெதுவாக நகரும், காரணம் அதுதான். ஆக 0.2-க்கு எக்ஸாஸ்ட் 171, டிரான்ஸ்ஃபர் 128. இரண்டும் சேர்ந்து உயர்ந்தாலும் நடு இடைவெளி கொஞ்சம் சுருங்கும். உச்சியில் இருந்த பிடியும் ஒரு சொட்டுக் குறையும், பழைய எஞ்சினில் இதை முயல வேண்டாம்.

பலன்? நேர் ஓட்டத்தில் சுற்று கூடியது காதுக்கே தெரிந்தது. வளைவிலிருந்து எடுக்கும்போது செத்துப்போனது. கண்மாய்த் தரையில் மேல்தோல் உடைந்தால் கீழே மாவு போன்ற வண்டல். அங்கே வேண்டியது கீழ்ச்சுற்று இழுவை, மேல்சுற்று அல்ல. அரை லிட்டரிலேயே ஷிம்மை 0.1 ஆக்கி, ஹெட்டுக்கு 0.1 திருப்பிக் கொடுத்து, கார்புரேட்டர் வாயில் இருந்த 8 மி.மீ. வளையத்தை எடுத்து 6.5 போட்டோம். இழுவை திரும்பியது. எரிபொருளும் மிச்சம். டேங்க் 125 சிசிதான், பிட் நிறுத்தத்தைத் தள்ளிப்போடுவது இந்த வளையமே.

கிராங்கின் உள்துளையை (கலவை உள்ளே போகும் வழி) நிரப்பிச் சரிவு கொடுக்கும் வேலையும் நடந்தது. ஐந்து நிமிடத்தில் இறுகும் சாதாரண எப்பாக்சி மெத்தனாலில் ஊறி ரப்பர் மாதிரி ஆகி விளிம்பில் கிளம்பிவிட்டது. அது பிய்ந்து பிஸ்டனுக்குப் போவதற்குள் பார்த்தது நல்லதாயிற்று. சுரண்டி எடுத்துவிட்டு வெறும் கிராங்கையே மாட்டியது. வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

3 லிட்டர் தாண்டியதும் ஒரு தொல்லை. த்ராட்டில் விட்டபின் சுற்று ஐடிலுக்கு (சும்மா ஓடும் நிலைக்கு) உடனே இறங்காமல் தொங்கியது. எரிபொருள் அளவை மாற்றும் ஊசியை இன்று சரி செய்தால் நாளை மாறும். இந்த அறிகுறிக்கு ஊசியைத் தொடவே கூடாது, எங்கோ காற்று நுழைகிறது. எக்ஸாஸ்ட்டையும் எரிபொருள் முனையையும் அடைத்து, கார்புரேட்டர் வாயில் டியூப் செருகி, எஞ்சினைத் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்தோம். முன் பேரிங் பக்கம் லேசாக வருவது வழக்கம்தான். கார்புரேட்டர் கழுத்தில் சரம் சரமாகக் குமிழி. ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தது. புதிய ரிங், கழுத்தைச் சுற்றி மெல்லிய சிலிகான் பூச்சு, பேக்பிளேட்டுக்கும் அதுவே. ஒரு நாள் காயவிட வேண்டும். இந்த அரை மணி வேலை தந்த நிதானத்தை எந்த ஷிம்மும் தரவில்லை.

அடுத்தது மணல். பிஸ்டனை எடுத்துப் பார்த்தால் கார்புரேட்டர் பக்கப் பாவாடையில் (பிஸ்டனின் கீழ்ச்சுவரில்) நெட்டுக்கோடுகள், நகத்தால் தடவினால் தட்டுப்படும். குவார்ட்ஸ் மணலைக் குரோம் தாங்கும், அலுமினியம் தாங்காது. ஃபில்டர் நுரை சுத்தமாகத்தான் இருந்தது. ஃபில்டர் கழுத்தின் உள்பக்கம் மட்டும் பொடி படிந்திருந்தது, அதாவது நுரை வழியாக வரவில்லை, இணைப்பு வழியாக வந்திருக்கிறது. கழுத்தில் கிரீஸ் தடவி இரண்டு கேபிள் டை எதிரெதிராகப் போட்டதும் நின்றது. நுரை இரண்டு அடுக்கு, ஃபில்டர் எண்ணெய் பிழிந்து ஊறியது, இங்கே ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் புதுசு. கழுவ மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர். தனுஷ்கோடி மணலில் ஒரு சுற்று விடும் ஆசை எல்லோருக்கும் வரும். தளர்மணலில் முழு த்ராட்டில், வேகமோ இல்லை, ஹெட்டுக்குக் காற்றும் இல்லை. கிளட்ச் கருகும், எஞ்சின் வேகும்.

ட்யூனிங்கில் இங்கே பலர் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு. வெக்கை கூடினால் எஞ்சின் சூடாகும் என்று ரிச் ஆக்குவார்கள். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, எரிபொருளும் குறைய வேண்டும். 30 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் மூன்றரை சதவீதம் வெறும் நீராவி, அதுவும் ஆக்சிஜனின் இடத்தைத்தான் பிடிக்கிறது. காலையில் கொண்டல் (கீழைக்காற்று) ஈரமாக வரும்போதும், மதியம் கச்சான் (மேலைக்காற்று) உலர்ந்து சுடும்போதும் நஷ்டம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அதே நாளில் பெரிய ஊசியில் பன்னிரண்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேலை இருக்காது. மார்கழி மாலையில் ஓட்டினால்தான் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும். வெப்பமானியைப் பளபளக்கும் ஹெட்டில் காட்டினால் குறைத்துச் சொல்லும், பிளக்கின் அடியில் காட்டி 105 முதல் 115 வரை பார்ப்பது. கடைசிச் சொல் பிளக்கின் உள்ளே இருக்கும் சுருள் கம்பிக்கு. ஈரமாக மின்னினால் ரிச், மங்கிய சாம்பல் நிறம் சரி, சுருள் நசுங்கி முறுக்கேறியிருந்தால் லீன் (எரிபொருள் குறைவு) அல்லது கம்ப்ரஷன் அதிகம்.

மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பாதி காலியான கேனை மூடி வைத்தாலும் உள்ளே இருக்கும் காற்று கடற்கரைக் காற்றுதான், சின்னப் புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி வைப்பது மேல். எரிபொருளை வீட்டில் கலக்க வேண்டாம். மெத்தனால் தோல் வழியாகவும் ஏறும் விஷம், வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. எண்ணெய் போதவில்லை என்று செக்கு விளக்கெண்ணெயை ஊற்றுவதும் உண்டு. அதில் பிசின் எடுக்கப்பட்டிருக்காது, பிஸ்டனில் பழுப்பு வார்னிஷாகப் படியும்.

5 லிட்டரில் மூன்று வாரம் ஓட்டாமல் கிடந்தது, பின் பேரிங்கைச் சுழற்றினால் கரகரப்பு. குண்டுகளில் டிக்காக்ஷன் நிறத்தில் புள்ளிகள். நைட்ரோ எரிந்த மிச்சத்தில் அமிலம், அதோடு உப்புக்காற்று. அளவு 14×25.4×6 மி.மீ. கழற்ற, கேஸை மட்டும் 130 டிகிரிக்குச் சூடாக்கி மரக்கட்டையில் தட்டினால் தானே விழும். பழைய தோசைக்கல் போதும், அது மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது. புதியது செராமிக் குண்டு. குண்டு துருப்பிடிக்காது, வளையம் பிடிக்கும். ஆகவே ஓட்டம் முடிந்ததும் மீந்த எரிபொருளை எரித்து, கார்புரேட்டர் வழியாக ஐந்து சொட்டு ஆஃப்டர் ரன் எண்ணெய் (துருத்தடுப்பு எண்ணெய்), பிளக்கைக் கழற்றிக் கையால் பத்து சுற்று, பிறகு ஜிப் பையில்.

இப்போது 6.2 லிட்டர். குளிரில் பிடி இன்னும் இருக்கிறது. அடுத்து கார்புரேட்டர் வளையத்தை 7 மி.மீ. ஆக்கி ஒரு லிட்டர்.