காற்றுச் சக்கரம்: 11-ஆவது முயற்சியில் நின்றது

என் பலகை விளையாட்டில் எந்த மாதம் எந்தக் காற்று என்று காட்டும் அட்டைச் சக்கரம் நேற்று இரவு சரியாகச் சுற்றியது. சுற்றியது மட்டுமல்ல, விட்ட இடத்தில் நின்றது. ஏழு மாதமாக இந்த ஒரு வட்ட அட்டையோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்கு (இன்றைய மலேசியாவின் கெடா) போய்த் திரும்பும் வணிகர்களைப் பற்றிய பலகை விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். வரைபடம், அறுகோண ஓடுகள், சரக்கு வில்லைகள் எல்லாம் ஓரளவு தேறிவிட்டன. தேறாமல் நின்றது காற்று.

கடல் பயண விளையாட்டுகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலானவற்றில் கப்பல் எந்நாளும் எத்திசையும் போகும். மாக் கெர்ட்ஸ் 2010-இல் வெளியிட்ட 'நாவெகடோர்' எனக்கு மிகவும் பிடித்தது. போர்ச்சுகீசியர்கள் அறியாத கடலுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு கப்பலைப் பலிகொடுக்க வேண்டும் என்ற அதன் விதி இன்றும் என்னை உலுக்கும். அதிலும் காற்று இல்லை. இந்தியப் பெருங்கடலில் பாய்மரக் கப்பல் என்றால் பயணத்தில் பாதி, துறைமுகத்தில் உட்கார்ந்து காற்றுக்காகக் காத்திருப்பதுதான். தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்று திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். நடுவில் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பை ஆட்டத்தின் நடுவே வைக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

முதல் வடிவத்தில் பகடை உருட்டிக் காற்றின் திசையை முடிவு செய்தேன். இரண்டே ஆட்டத்தில் தூக்கி எறிந்தேன். ஆடி மாதத்தில் வாடை வீசியது! ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்களிடம் அந்த ஆட்டத்தைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. பருவக்காற்று பகடைக்கு அடங்கும் பொருளல்ல, அது சொன்ன மாதத்தில் வருவது.

இரண்டாவது வடிவத்தில் அப்படியே மறுபக்கம் போனேன். பன்னிரண்டு மாதங்களையும் சக்கரத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே காற்றை நிலையாக வைத்தேன். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கோடைக்காற்று (மீனவர்கள் கச்சான் என்பார்கள்), ஐப்பசி முதல் மாசி வரை வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும், பங்குனியில் சோர்ந்த காற்று. மூன்றாவது ஆட்டத்திலேயே எல்லோரும் விரல்விட்டு எண்ணி, ஒரே மாதத்தில் புறப்பட்டு ஒரே மாதத்தில் திரும்பினார்கள். பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வருவதைப் போல இருந்தது.

விடை கிடைத்தது தற்செயலாகத்தான். கேரளக் கடற்கரையில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 என்று வானிலைத் துறை கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சில நாள் முன்னே, சில நாள் பின்னே. வருவது உறுதி, வரும் நாள் உறுதியில்லை. இதை அப்படியே விதியாக்கினேன். காற்று திரும்பும் மாதங்கள் இரண்டு: சித்திரையும் புரட்டாசியும். அந்த மாதம் வந்தால் ஒரு பையில் நான்கு வில்லைகள் போடப்படும். மூன்று வெறும் வில்லை, ஒன்றில் 'திரும்பியது' என்ற குறி. ஒவ்வொருவரும் தம் முறையில் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் போடக்கூடாது. முதல் வில்லையில் வாய்ப்பு நான்கில் ஒன்று, பிறகு மூன்றில் ஒன்று, பிறகு பாதி, கடைசியில் முழு உறுதி. நங்கூரம் தூக்குவதா வேண்டாமா என்பதை மட்டும் வில்லை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வரியைச் சேர்க்காமல் இருந்தவரை நான்காவதாக ஆடுபவர் சும்மா உட்கார்ந்து வென்றுகொண்டிருந்தார்.

'எப்போது திரும்புவது' என்ற அந்த நெஞ்சுத் துடிப்பை நான் கற்றுக்கொண்டது ஜப்பானிய நிறுவனமான ஓயிங்க் கேம்ஸ் 2014-இல் வெளியிட்ட 'டீப் சீ அட்வென்ச்சர்' ஆட்டத்திலிருந்து. மூழ்குபவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 25 அளவு காற்று. புதையலை அதிகம் சுமப்பவர் எல்லோருடைய மூச்சையும் சேர்த்தே குறைப்பார். உள்ளங்கை அளவு பெட்டியில் அத்தனை பதற்றத்தை அடைத்தவர்களுக்கு என் வணக்கம்.

இனி அட்டைக்கு வருகிறேன்.

சக்கரத்தின் அமைப்பு எளிது. கீழே 14 செ.மீ. வட்டம், அதில் பன்னிரண்டு மாதக் காற்றுகள். மேலே 10 செ.மீ. வட்டம், அதில் ஒரு சாளரம். மேல்வட்டத்தைத் திருப்பினால் சாளரத்தில் அந்த மாதத்துக் காற்று தெரியும். மையத்திலிருந்து 4 செ.மீ. தூரத்தில் ஒரு மாதத்துக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 2.1 செ.மீ. என் சாளரம் 1.8 செ.மீ. அதாவது மையம் 2 மி.மீ. விலகினாலே பக்கத்து மாதம் எட்டிப் பார்க்கும். ஆவணியில் இருக்கிறோமா புரட்டாசியில் இருக்கிறோமா என்பதே ஆட்டத்தின் உயிர் என்னும்போது, அங்கே சச்சரவு வந்தால் எல்லாம் போயிற்று.

சக்கரத்துக்கு நான் எடுத்த தடித்த அட்டையான கிரே போர்டு என்பது காகித அடுக்கு. நடுவில் குத்திய துளை, இருபது முறை சுற்றியதும் உதிர்ந்து பெரிதாகிவிடும். கால் விரியும் பித்தளைப் பின்னை வைத்துச் செய்த முதல் நான்கு சக்கரங்களும் இதனால்தான் தள்ளாடின. ஐந்தாவதில் துளைக்கு உலோக ஐலெட் அடித்தேன், ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுபவர்கள் பயன்படுத்தும் அதே வளையத்தின் சின்ன அளவு. துளை உதிர்வது நின்றது. ஆனால் சக்கரம் இப்போது மிக இலகுவாகச் சுற்றியது. சட்டைக் கை பட்டால் மாதம் மாறியது. தேநீர் எடுக்கப் போனவரின் துண்டு உரசி ஒரு முழுப் பருவம் ஓடிப்போன கதையும் உண்டு.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்றும் காந்தச் சக்கரங்கள். கீழ்வட்டத்தில் 12 சிறு காந்தங்கள், மேல்வட்டத்தில் ஒன்று. ஒவ்வொரு மாதத்திலும் 'டக்' என்று உட்காரும் என்று கனவு கண்டேன். இணையத்தில் வாங்கிய காந்தங்கள் பொதிக்குள் துருவம் மாறி மாறி அடுக்கப்பட்டு வந்தன, அடையாளமும் இல்லை. நானும் சோதிக்காமல் ஒட்டிவிட்டேன். மார்கழி மட்டும் சக்கரத்தைத் தள்ளிவிட்டது, எத்தனை முறை வைத்தாலும் மார்கழியில் நிற்கவே இல்லை. பிரித்தெடுக்க முயன்றதில் அச்சிட்ட தாளே கிழிந்தது. விற்றவரிடம் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. காந்தம் வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றிலும் ஒரே துருவமுள்ள முகத்தில் பேனாவால் புள்ளி வைத்த பிறகே பசையைத் தொடுங்கள்.

ஒன்பதாவது சக்கரம் ஐப்பசி மழையில் வளைந்தது. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் வளையும் என்பது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரு பக்கமும் ஒட்டியிருந்தேன். ஆனால் பின்பக்கத் தாள் மெல்லியது. இழுப்புச் சமமாக இல்லை. சென்னை ஈரக்காற்றில் கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. இப்போது இரு பக்கமும் ஒரே தாள், ஒரே திசை இழை, இரண்டு நாள் புத்தகச் சுமையின் கீழ்.

திருப்பம் வந்தது தையல் சாமான் கடையில். அக்கா மகளின் பள்ளிப் பைக்குப் பட்டன் வைக்கப் போனபோது, ஜீன்ஸ் மேல்சட்டைகளில் வரும் உலோகப் பிரஸ் பட்டனைப் பார்த்தேன். இரண்டு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சுழல்கின்றன. மையம் விலக வழியே இல்லை! வேண்டும்போது பிரித்துப் பெட்டியில் வைக்கவும் முடியும். கடையிலேயே நின்று இருபது முறை சுழற்றிப் பார்த்தேன்.

சிக்கல், பட்டனின் கால் குட்டையானது. துணிக்காகச் செய்தது, 2 மி.மீ. அட்டையைத் துளைத்து மறுபக்கம் விரிய நீளம் போதவில்லை. பத்தாவது சக்கரத்தில் அடித்த அடியில் பட்டன் பாதியில் நின்று அட்டை பிளந்தது. முழு வட்டத்தையும் 1 மி.மீ. அட்டையில் செய்யலாம், ஆனால் அது கையில் அப்பளம் போல இருக்கும். நான் செய்தது இது: அட்டையின் பின்புறம் மையத்தைச் சுற்றி 20 மி.மீ. வட்டத்தைக் கத்தியால் பாதி ஆழம் மட்டும் கீறினேன். கத்தி நுனியில் 1 மி.மீ. விட்டு மீதியில் பசைநாடா சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. பிறகு அந்த வட்டத்துக்குள் இருக்கும் அடுக்குகளை வெங்காயச் சருகு உரிப்பதைப் போல ஒவ்வொன்றாக உரித்தேன். நான்கைந்து அடுக்கு வரும். அவசரப்பட்டால் கடைசி அடுக்கோடு முகப்புத் தாளும் வந்துவிடும். உரித்த இடத்தில் நீர் கலந்த ஃபெவிகாலை மெல்லத் தடவி ஓர் இரவு காயவிட்டால் எலும்பு போல இறுகிவிடுகிறது. மறுநாள் அடித்தேன். ஒரே அடி. உட்கார்ந்தது.

இலகுவாகச் சுற்றும் நோய்க்கு மருந்து, இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் 6 செ.மீ. ஃபெல்ட் துணி வளையம். கீழ்வட்டத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். விரலால் திருப்பினால் திரும்பும், துண்டு பட்டால் அசையாது. அதுதான் நேற்றைய வெற்றி.

ஞாயிற்றுக்கிழமை அவசரமாக ஒட்டிய அதன் முன்மாதிரியோடு ஓர் ஆட்டம் நடந்தது. அக்கா மகளுக்குப் பதினோரு வயது. கடாரத்தில் மூன்று கற்பூரத்தோடு நின்றாள். புரட்டாசியில் முதல் வில்லைக்கு முன்பே நங்கூரம் தூக்குகிறேன் என்றாள். என் அப்பா தடுத்தார்: ஐப்பசி, கார்த்திகையில் சோழமண்டலக் கரைக்கு வந்தால் புயல் அட்டை எடுக்க வேண்டும், தையில் வந்தால் வேண்டாம். "தெரியும் தாத்தா. ஆனால் முதலில் வருகிறவருக்குத்தானே முழு விலை?" என்றாள். கையை விட்டாள், 'திரும்பியது' வந்தது. கார்த்திகைப் புயலில் ஒரு கற்பூரத்தைக் கடலில் விட்டாள். மீதி இரண்டையும் விற்று அப்பாவை முந்தினாள். அந்த மேசையைச் சுற்றி யாரும் பேசாமல் பைக்குள் போன அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த சில நொடிகளுக்காகத்தான் இத்தனையும்.

காத்திருப்பவருக்கும் வேலை கொடுத்திருக்கிறேன். தாய்லாந்தின் தக்குவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றியும் அது மணிக்கிராமத்தார் என்னும் வணிகர் குழுவின் காவலில் இருப்பதைப் பற்றியும் பேசுகிறது. வந்து போகிறவர்கள் குளம் வெட்ட மாட்டார்கள், தங்குகிறவர்கள்தான் வெட்டுவார்கள். எனவே என் ஆட்டத்தில் காற்றுக்குக் காத்திருப்பவர் குளம் வெட்டலாம். பிறகு அங்கே காத்திருக்கும் எவர் கப்பலும் தண்ணீருக்குக் காசு தர வேண்டாம். வெட்டியவருக்கு ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு புகழ்ப் புள்ளி. சுமத்திராவின் பாரூஸில் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர், வரும் மரக்கலத்தார் கஸ்தூரி விலைக்கு ஈடான பொன்னைக் கட்டணமாகத் தர வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அதையும் துறைமுக வரியாகச் சேர்த்துவிட்டேன். கணக்கு இன்னும் இடிக்கிறது, வரி அதிகம்.

பொருள் வாங்கிய இடம் கேட்டவர்களுக்கு: அட்டையும் தாளும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில். காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் கல்யாணப் பத்திரிகைக் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது. கப்பல் காய்களுக்குச் சன்னபட்டணத்து மரக் கடைசல்காரர்களிடம் கேட்க நினைத்திருக்கிறேன். கடைசலில் உருண்டை வடிவம்தான் வரும், கப்பலின் அடிப்பகுதியை எப்படிக் கொண்டுவருவது என்று வரைந்துகொண்டிருக்கிறேன். அச்சகம் ஒன்றில் விலை கேட்டேன். ஐந்நூறு படிக்குக் குறைந்தால் பேசவே மாட்டோம் என்றார்கள். இப்போதைக்குக் கைவேலைதான், பத்துப் பெட்டி.

இது முடிவதற்குள் மேற்குக் கரை வரைபடமும் மனத்தில் ஓடுகிறது. செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு நாற்பது நாள் என்று கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் குறிப்பு சொல்கிறது. அங்கே காற்றின் கடுமையே வேறு, இதே சக்கரம் ஒத்துவராது.

இந்த வாரம் ஓடுகளை முடிக்க வேண்டும். முதலாம் இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் வரும் பதின்மூன்று ஊர்ப்பெயர்களையே ஓடுகளுக்கு எடுத்திருக்கிறேன். போர் வேண்டாம், பெயர்கள் வேண்டும்: மாநக்கவாரம், இலாமுரிதேசம், தலைத்தக்கோலம், இலங்காசோகம் என்று வாயில் உருளும் பெயர்கள். மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள், இலாமுரிதேசம் சுமத்திராவின் வடமுனை என்று வரைபடத்தில் இடம் இருக்கிறது. வளைப்பந்தூறு எங்கே என்பதிலோ ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆகவே அந்த ஓட்டை மட்டும் கவிழ்த்து, வெற்று ஓடுகளோடு கலந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறோர் இடத்தில் வைப்பதாக முடிவு. மற்ற பன்னிரண்டும் காய்ந்துகொண்டிருக்கின்றன. வளைப்பந்தூறு ஓட்டின் முகத்தில் என்ன வரைவது என்று இன்னும் பிடிபடவில்லை.