அடுத்த எண்ணில் இருந்தவள்

எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. 'நெட்டாலுக்குப் போனவர்', அவ்வளவுதான். நெட்டால் என்றால் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகம் இருக்கும் பகுதி. கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரை விட்டு ஒருநாள் கிளம்பியவர், மதராஸில் கப்பலேறிவிட்டார். "கோவக்காரன். கல்யாணங்கூட ஆவாமப் போயிட்டான்" என்பாள் அத்தை.

டர்பனுக்கு விமானம் ஏறும் முன்பே பாதித் தேடல் கணினியில் முடிந்திருந்தது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று எல்லாம் கப்பல் பட்டியலில் இருக்கும். ஆனால் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. குடியாத்தத்துக்கே மூன்று எழுத்துக்கூட்டல் பார்த்தேன். முனுசாமி 'மூன்சாமி'யாகவும், முதலியார் 'மூட்லி'யாகவும், கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும் ஆன தேசம் அது. அதனால் அவர் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, தகப்பன் பெயரையும் ஊரையும் பிடித்துக்கொண்டு தேடினேன்.

மூன்று பேர் தேறினார்கள். ஒருவருக்கு வயது இடித்தது, இன்னொருவருக்குச் சாதி. மிஞ்சியவர் 1902-இல் இறங்கியவர். வயது 24. அடையாளம்: இடது கன்னத்தில் வெட்டுத் தழும்பு.

வீட்டில் யாரும் தழும்பைப் பற்றிச் சொன்னதே இல்லை. அந்தச் சண்டை எதுவரை போயிற்று என்பதையும்தான்.

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்றொரு அதிகாரி இருந்தார். அவருடைய அலுவலகக் கோப்புகள் அங்குள்ள ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. (யாரை யாரிடமிருந்து பாதுகாத்தார் என்பது அந்தக் கோப்புகளைப் படித்தால் விளங்கும்.) முதல் நாள் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து மேஜையில் ஓர் அம்மாள், தன் பாட்டன் வழியைத் தேடி வந்தவர். தமிழ் வம்சம், பேச்சு ஆங்கிலத்தில்தான். என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த எண்ணைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். சேர்ந்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்தானாம். ஆண்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அடுத்த எண்ணில் ஒரு பெண். வயது 19. மனைவி என்று போட்டிருந்தது. ஊர் பலமனேர் பக்கம். அன்றைக்கு அதுவும் வட ஆர்க்காடு ஜில்லாதான். சாதி வேறு.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் கப்பலேறும் முன் கூலிகளைத் தங்கவைத்த மதராஸ் டிப்போவிலேயே முன்பின் தெரியாத இருவர் ஜோடியாகப் பதிவானதும் உண்டு. இவர்களும் அப்படித்தானா, இல்லை குடியாத்தத்திலிருந்தே சேர்ந்து நடந்தவர்களா? காகிதத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மறுநாள் டர்பனுக்கு வடக்கே இருக்கும் வெருலம் பக்கம் போனேன். அவர்கள் வேலை செய்த தோட்டம் இருந்த இடத்தில் இன்றும் கரும்புதான். ஆணுக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து, மறு ஒப்பந்தமும் போடாமல் ஊருக்கும் திரும்பாமல் தங்கினால் தலைக்கு வருடம் 3 பவுண்டு வரி. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அவருடைய முதல் வருடச் சம்பளத்தில் சரிபாதி! இந்தியத் தொழிலாளர்களின் 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. இருவரும் திரும்பியதாகப் பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை.

இரவு அத்தைக்கு போன் போட்டேன். தழும்பைச் சொன்னேன், "ம்" என்றாள். பெண்ணைச் சொன்னேன். சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"கேக்குதுடா. அவ பேரு என்னன்னு போட்டிருக்கு?"

சொன்னேன்.

"அப்ப அதுக்குத்தான் போயிருக்கான்" என்றாள். பிறகு, "அந்தப் பேரையும் சேத்து எழுதிக்க."