ஹீட்டர் இருக்கிற பழைய சீட்டு, ஹீட்டர் இல்லாத நல்ல சீட்டு: ரெண்டையும் ஒண்ணாக்கின அனுபவம்

டொரண்டோ பக்கம் வண்டி ஓட்டுறவங்களுக்கு சீட் ஹீட்டர் ஏன் முக்கியம்னு விளக்கவே வேணாம். ஜனவரி காலைல மைனஸ் 15ல வண்டிய எடுத்தா வென்ட்ல சூடு காத்து வர்றதுக்கு மொதல்ல எஞ்சின் கூலன்ட் சூடாகணும், அதுக்குள்ள பாதி வழி போயிடுவோம், ஆனா சீட் ஹீட்டர் நேரா கரண்ட்ல ஓடுறதால கொஞ்ச நேரத்துலயே இடுப்புக்கு இதமா தெரிய ஆரம்பிச்சிடும். ஸ்வீடன்ல சாப் கம்பெனிக்காரங்க 1970கள் ஆரம்பத்துலயே டிரைவர் சீட்டுக்கு ஹீட்டர் வச்சு வித்தாங்க, குளிர்ல வாழ்றவங்களுக்குத் தெரியும் இது ஆடம்பரம் இல்லன்னு. எனக்கு இடுப்பு வலியும் உண்டு, அதனால ஹீட்டரும், இடுப்புக்கு முட்டுக் குடுக்கிற லம்பரும் இல்லாத சீட்ல தினமும் ஹைவே ஓட்டுறது நடக்கிற காரியமில்ல.

என் வண்டி 2011 மாடல் ஜெர்மன் ஹேட்ச்பேக், நாலு கதவு, துணி சீட். இத்தனை வருஷமா ஏறி இறங்கினதுல டிரைவர் சீட்ல கதவுப் பக்கம் மேடா இருக்குமே, அந்த இடம் தேய்ஞ்சு கிழிஞ்சு ஃபோம் உதிர ஆரம்பிச்சிடுச்சு, உக்கார்ற இடமும் நல்லா அமுங்கிப் போச்சு. ஆனா ஹீட்டர் ஜோரா வேலை செய்யுது, எலெக்ட்ரிக் லம்பரும் அப்படித்தான். பழைய வண்டிங்கள்ல இருந்து வேணுங்கிற பார்ட்டை நம்மளே கழட்டி எடுத்துட்டுப் போற யார்டுங்க இங்க நிறைய, அதுல ஒண்ணுல அதே மாடல், அதே கலர் துணி, கிழிசல் கறை எதுவும் இல்லாத டிரைவர் சீட் ஒண்ணு மாட்டுச்சு. ஒரே குறை, அது கீழ் வேரியன்ட். ஹீட்டரும் இல்ல, லம்பரும் இல்ல.

யார்டுல சீட் பாக்கும்போது கவனிக்க வேண்டியது சிலது இருக்கு. ரெண்டு கதவு வண்டியோட முன் சீட் பின்னாடி ஆள் ஏறுறதுக்காக முன்பக்கமா மடங்கும், அதோட மெக்கானிசமே வேற, நாலு கதவு வண்டிக்கு அதை வாங்காதீங்க. முதுகுப் பக்கம் கதவு ஓரத் தையல் பிரிஞ்சிருந்தா சைட் ஏர்பேக் வெடிச்ச சீட்டு, விட்டுடுங்க. ஜன்னல் திறந்தபடி நின்ன வண்டின்னா ஃபோம் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி குடிச்சிருக்கும், கையால அழுத்திப் பாருங்க, மோந்தும் பாருங்க, அந்தப் பூஞ்சை வாடை எத்தனை தடவை கழுவினாலும் போகாது.

இந்த மாதிரி சீட் கிடைச்சா எல்லாருக்கும் மொதல்ல தோணுறது ஒண்ணுதான், புது சீட்டை வண்டில மாட்டு, பழசுல இருக்கிற ஹீட்டர், லம்பர் மோட்டார், சுவிட்ச், வயரிங் எல்லாத்தையும் உருவி புதுசுக்குள்ள வை. நானும் அந்த ஐடியாலதான் ஸ்கார்பரோல சீட் வேலை செய்யிற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன்கிட்ட யோசனை கேட்கப் போனேன். அவர் ரெண்டு சீட்டோட போட்டோவையும் பாத்துட்டு, "தம்பி, எலும்பை ஏன் மாத்துறியள், தோலை மட்டும் மாத்துங்கோவன்" அப்படின்னார். இந்த முழு வேலைக்கும் சாவி அந்த ஒரு வரிதான்.

யோசிச்சுப் பாத்தா அவர் சொன்னது அவ்வளவு சரி. லம்பர் மோட்டார் முதுகு ஃப்ரேம்ல மாட்டியிருக்கு, சைட் ஏர்பேக்கும் அதே ஃப்ரேம்ல போல்ட் போட்டிருக்கு, சீட் பெல்ட் பக்கிள் கீழ் ஃப்ரேம்ல, வயரிங் எல்லாம் அதுக்கு அடியில, எல்லாமே இந்த வண்டிக்குன்னே வந்தது. அதை எல்லாம் பிரிச்சு இன்னொரு ஃப்ரேமுக்குக் கொண்டு போறதுக்குப் பதிலா யார்டு சீட்டோட கீழ் ஃபோமையும் கவரையும் மட்டும் என்னோட ஃப்ரேமுக்குக் கொண்டு வந்தா இடம் மாற வேண்டியது ஹீட்டர் பேட் ஒண்ணுதான். என் சீட்ல முதுகுப் பக்கத் துணி நல்லாவே இருந்ததால முதுகைத் தொடவே வேண்டியதில்ல, ஏர்பேக் இருந்த இடத்துல இருந்துச்சு, லம்பர் இருந்த இடத்துல இருந்துச்சு.

முதுகுத் துணியும் மாத்தித்தான் ஆகணும்னு இருக்கிறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும். சைட் ஏர்பேக் வர்ற சீட்ல கதவு ஓரத் தையல், ஏர்பேக் விரியும்போது பிரியுற மாதிரி தனியா திட்டமிட்டுத் தைச்சது. அதனால ஏர்பேக் உள்ள சீட்டோட ஒரிஜினல் கவர் மட்டும்தான் போடணும், சாதாரண நூல்ல அந்த இடத்தை மறுபடி தைக்கவும் கூடாது, மேல இறுக்கமா இன்னொரு உறை மாட்டவும் கூடாது. இது அழகு சமாச்சாரம் இல்ல, உயிர் சமாச்சாரம்.

சரி, கழட்டுற வேலை. சாவிய ஆஃப் பண்ணி பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை எடுத்துட்டு, மேனுவல்ல சொன்ன நேரம் பொறுமையா காத்திருந்தேன், ஏன்னா ஏர்பேக் யூனிட்டுக்குள்ள கொஞ்ச நேரத்துக்கு சார்ஜ் தங்கியிருக்கும். ஆனா சீட்டை முன்னாடி பின்னாடி தள்ளுற வேலைய பேட்டரி எடுக்கிறதுக்கு முன்னாடியே யோசிச்சு வச்சுக்கணும், கைலிவர் இருந்தா கவலை இல்ல, மோட்டார் சீட்னா போல்ட் தெரியிற மாதிரி முன்னாடியே நகர்த்திடணும். நாலு போல்ட், பன்னெண்டு பல் இருக்கிற தலை, அதுக்குன்னு இருக்கிற பிட்தான் வேணும், ஸ்டார் பிட்டை வச்சு சமாளிக்கலாம்னு திருகினா தலை வழிச்சுக்கும். இங்க வேற ரோட்ல போடுற உப்பு பூட்ஸோட உள்ள வந்து போல்ட் தலைக்குள்ள மண்ணா அடைஞ்சிருக்கும், ஊசியால சுரண்டி சுத்தம் பண்ணி, பிட்டை முழுசா உள்ள இறங்குற வரைக்கும் தட்டி, அப்புறம்தான் திருகணும். சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்கோடது, அதைக் கழட்டுறதுக்கு முன்னாடி வண்டியோட வெறும் உலோகத்தைத் தொட்டு நம்ம உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்கிடணும், குளிர்காலத்துல வறண்ட காத்துக்கு ஸ்வெட்டர் போட்டுட்டு நகர்ந்தாலே பொறி பறக்குற ஊர் இது. மறுபடி சீட் மாட்டி கனெக்டர் போடுற வரைக்கும் இக்னிஷனை ஆன் பண்ணவே கூடாது, பண்ணா ஏர்பேக் லைட் எரிஞ்சு உக்காந்துக்கும், அப்புறம் வண்டியோட கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் வச்சுதான் அழிக்கணும்.

கீழ் கவர் ஃப்ரேமைச் சுத்தி வளைஞ்ச பிளாஸ்டிக் பட்டையில கொக்கி மாதிரி மாட்டியிருக்கும், அது சுலபமா வந்துடும். ஃபோமுக்கு நடுவுல போற பள்ளத்துல கவரை இழுத்துப் பிடிச்சிருக்கிறது கம்பி வளையங்க, ஹாக் ரிங்னு கேட்டா கடையில தருவாங்க, பழசை கட்டர்ல வெட்டி எடுத்துட்டு புதுசு போடணும், அதுக்குன்னு வளைஞ்ச பிளையர் இருக்கு, அதையும் சேர்த்தே வாங்கிடுங்க.

இப்ப ஹீட்டர் பேட். மெல்லிசா ஒரு துணி, அதுக்குள்ள சூடாகுற கம்பி வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, ஃபோம் மேல பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. அண்ணன் ஃபோன்லயே, "கெதியா இழுக்காதேங்கோ, கிழிஞ்சு போயிடும்" அப்படின்னு சொல்லியிருந்தார். ஹேர் டிரையரால பசையை லேசா சூடு பண்ணி பண்ணி, ஒரு அகலமான பிளாஸ்டிக் கரண்டிய உள்ள விட்டு, பேடை இழுக்காம ஃபோமை அதுல இருந்து பிரிச்சு எடுத்தேன், பழைய ஃபோம் எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகுது, அது பிய்ஞ்சா பரவால்ல, பேட் பிய்யக்கூடாது. இந்த வேலைல பொறுமை வேண்டியது இங்கதான், ஒரு சாயங்காலம் முழுக்க இதுக்கே ஒதுக்கிடுங்க.

பேட் கைக்கு வந்ததும் மல்டிமீட்டர்ல பாத்தேன். கம்பி அறுந்திருந்தா மீட்டர் எதுவும் காட்டாது, நல்லா இருந்தா சில ஓம்ஸ் காட்டும். கணக்கு ரொம்ப சிம்பிள், 12 வோல்ட்ல 2 ஓம்னா 6 ஆம்ப், அதாவது 72 வாட், உக்கார்ற இடத்துக்கு அது தாராளம். பேட்ல சின்னதா ஒரு சென்சர் ஒட்டியிருக்கும், எவ்வளவு சூடாச்சுன்னு அதுதான் கன்ட்ரோலுக்குச் சொல்லுது, சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், ஹேர் டிரையர் காட்டினப்ப மீட்டர் நம்பர் மளமளன்னு இறங்குச்சு, நிம்மதி. மீட்டரை இதுக்கு மட்டும்தான் வைக்கணும், ஏர்பேக் வயர்ல எக்காரணத்துக்கும் வைக்காதீங்க, மீட்டர்ல இருந்து போற கொஞ்சூண்டு கரண்டே அதை வெடிக்க வைக்கலாம்.

புது ஃபோம்ல பேடை வைக்கிறப்ப பாக்க வேண்டியது பள்ளங்கள். பேட்ல நீளமா வெட்டு விட்டிருப்பாங்க, கவரை இழுத்துப் பிடிக்கிற கம்பி அந்த வழியாத்தான் இறங்கணும். ரெண்டு வேரியன்ட்டுக்கும் ஃபோம் டிசைன் ஒண்ணா இருந்ததால எனக்கு அப்படியே பொருந்துச்சு. ஸ்போர்ட் சீட் பேடை சாதா சீட் ஃபோம்ல போட்டா பள்ளம் வேற எங்கயோ போகும், பேட் பள்ளத்துக்கு மேல பாலம் மாதிரி நின்னு உக்கார உக்கார கம்பி அறுந்திடும். மடிப்பு ஒண்ணுகூட இருக்கக்கூடாது, மடிஞ்ச இடத்துல சூடு சேர்ந்து துணி கருகும், சில சமயம் ஆளையும் சுடும். சென்சர் பழைய இடத்துலயே, உடம்பு படுற இடத்துலயே இருக்கணும், ஓரமா ஒதுங்கிடுச்சுன்னா சீட் இன்னும் ஜில்லுன்னு இருக்குன்னு நினைச்சு கன்ட்ரோல் கரண்டை விட்டுக்கிட்டே இருக்கும்.

கவரை வீட்டுக்குள்ள ஹீட்டிங் பக்கத்துல வச்சு இளக விட்டுட்டு அப்புறம்தான் இழுத்து மாட்டினேன், குளிர்ல விறைச்ச துணி கடைசி கொக்கி வரைக்கும் வராது. மூடுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை மீட்டர். சீட்டை ஏத்தி போல்ட்டை மேனுவல்ல சொன்ன இறுக்க அளவுக்கு (டார்க்) முறுக்கி, கனெக்டர் எல்லாம் போட்டு, கடைசியா பேட்டரி. இக்னிஷன் ஆன் பண்ணப்ப ஏர்பேக் லைட் வழக்கம்போல வந்து அணைஞ்சிடுச்சு. ஹீட்டரை ஃபுல்லுக்கு வச்சு உள்ளங்கையால சீட் முழுக்க தடவிப் பாத்தேன், எல்லா இடமும் ஒரே சூடு, எங்கயும் சுள்ளுன்னு இல்ல.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், இதையே பாசஞ்சர் சீட்டுக்கு செய்யலாமான்னு கேட்டா என் பதில் வேண்டாம்தான். வட அமெரிக்கா வண்டிங்கள்ல அந்த சீட்டுக்குள்ள உக்காந்திருக்கிறது பெரியவங்களா குழந்தையான்னு பாத்து முன் ஏர்பேக்கை ஆன் ஆஃப் பண்ற சென்சர் இருக்கும், அமெரிக்காவுல 2006க்குள்ள இது கட்டாயமாவே ஆயிடுச்சு. நிறைய மாடல்கள்ல அந்த சென்சர், ஃபோம், கன்ட்ரோல் யூனிட் மூணையும் சேர்த்தே ஒரு செட்டா அளவு பாத்து வச்சிருப்பாங்க, ஃபோமை மட்டும் மாத்தினா அளவு தப்பிடும். அந்தப் பக்கம் தேய்ஞ்சா அதுக்குன்னு முறையா செய்யிறவங்ககிட்டதான் குடுப்பேன்.

மிச்சம் இருந்த யார்டு சீட்டோட முதுகுல வெடிக்காத ஏர்பேக் அப்படியே இருந்துச்சு. அதைக் குப்பையோட வெளிய வைக்கக்கூடாது, உள்ள வெடிமருந்து இருக்கு. ஸ்கிராப் எடுக்கிற இடத்துக்கு ஃபோன் பண்ணி ஏர்பேக் இருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டு, கொண்டு போய் அவங்க கையில குடுத்துட்டு வந்தேன்.