ஹோம்லைட் எக்ஸ்எல்-12 செயின்சா: பழுது பார்த்து ஓட வைத்த குறிப்புகள்

மேசைக்கு வந்த இந்த மரம் அறுக்கும் மெஷின் 1960-களில் அமெரிக்காவில் அறிமுகமான மாடல். 54 சிசி, மக்னீசியம் உடல், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனையால் ஸ்பார்க் தருவது), ரீட் வால்வு (காற்று-பெட்ரோல் கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்). செயினுக்கான ஆயிலைக் கட்டைவிரலால் பட்டனை அழுத்தி விட வேண்டும். பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு), செயின் இல்லாமல் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வந்த நிலை: கயிறு இழுத்தால் சுற்றியது, பிளக்கில் ஸ்பார்க் இல்லை, டேங்கின் அடியில் கறுத்த பிசின், பெட்ரோல் டியூப் விரலால் நசுக்கியதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது.

காசு செலவழிக்கும் முன்

முதலில் கழற்றியது சைலன்சர். எக்சாஸ்ட் துவாரம் வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனும் ரிங்கும் தெரியும். நெடுக்காகக் கோடு விழுந்திருந்தால் அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம், ஏனென்றால் பிஸ்டனும் சிலிண்டரும்தான் இந்த மாடலில் கிடைக்கச் சிரமமானவை. இதில் பிஸ்டன் சுத்தம். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கேஜ் மாட்டி ஆறு முறை இழுத்ததில் 125 பிஎஸ்ஐ. 120-க்கு மேல் இருந்தால் மற்ற வேலையில் இறங்கலாம். 90-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே போராட்டம்.

சிலிண்டரின் உட்புறம் அலுமினியத்தின் மேல் குரோம் பூச்சு. ஹோனிங் கல்லை உள்ளே விடவே கூடாது. பிஸ்டன் அலுமினியம் மட்டும் ஒட்டியிருந்தால், பஞ்சில் நனைத்த காஸ்டிக் சோடா கரைசலால் அந்த இடத்தை மட்டும் தொட்டுத் தொட்டு எடுக்கலாம்; ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், அது குரோமையே கரைக்கும். குரோம் பெயர்ந்த இடத்தில் பட்டால் காஸ்டிக் சோடா அடி அலுமினியத்தையே தின்றுவிடும். வெளி உடலுக்கு அமிலம், வினிகர், துருநீக்கி எதுவுமே ஆகாது, மக்னீசியம் கரைந்துபோகும். மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் போதும். கிரைண்டர் வைத்தால் பறக்கும் மக்னீசியம் தூள் தீப்பிடிக்கும், அதையும் தவிர்க்கவும்.

ஸ்பார்க்

பாயிண்ட் இருப்பது ஃப்ளைவீலுக்கு அடியில், தனி மூடிக்குள். ஃப்ளைவீலை புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். விளிம்பில் திருப்புளி கொடுத்து நெம்பினால் துடுப்பு உடையும், மாற்று ஃப்ளைவீல் தேடி அலைய வேண்டிவரும். எடுத்ததும் ஷாஃப்டில் இருக்கும் சாவியை (ஃப்ளைவீலைச் சரியான இடத்தில் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு) பார்க்கவும். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் தவறும், ஸ்பார்க் நன்றாக இருந்தும் எஞ்சின் கயிற்றைப் பிடுங்கித் திருப்பி உதைக்கும்.

லூனா, பழைய பஜாஜ் ஸ்கூட்டர் பாயிண்ட்டை வைத்துப் பழகியவர்களுக்கு இது அதே வேலைதான். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு அசிட்டோனில் நனைத்த வெள்ளைத்தாள் துண்டைப் பாயிண்ட் நடுவே விட்டு இழுத்தல். தாளில் கறுப்பு வராத வரை இழுக்கவும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த மெஷினில் ஸ்பார்க் இல்லாததற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஆக்சைடு படலம்தான். கேம் உச்சியில் இடைவெளி 0.38 மி.மீ. காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனம், 0.25 முதல் 0.3 மி.மீ. பிளக் இடைவெளி 0.63 மி.மீ. பிளக்கின் மரைப் பகுதி 9.5 மி.மீ. நீளம் உள்ள குட்டை வகையாக இருக்க வேண்டும். நீளமானதைப் போட்டால் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

சுத்தம் செய்தபின் நீல ஸ்பார்க் வந்தது. மஞ்சளாகத் தளர்ந்து வந்தாலோ, பாயிண்ட் முகத்தில் ஒருபக்கம் குழி, மறுபக்கம் மேடு என்று இருந்தாலோ கண்டென்சரை மாற்றவும். பாயிண்ட்டும் கண்டென்சரும் கிடைக்காத இடத்தில் இரண்டுக்கும் பதிலாகச் சின்ன எலக்ட்ரானிக் டிரிகர் மாட்யூல் போடலாம். பழைய பாயிண்ட், கண்டென்சர் இரண்டின் ஒயரையும் அறவே துண்டித்த பிறகே அது வேலை செய்யும்.

காற்றுக் கசிவு: அதிக நேரம் எடுத்த வேலை

கார்ப்பரேட்டரை எடுத்துவிட்டு, எக்சாஸ்ட்டையும் இன்டேக்கையும் சைக்கிள் டியூப் ரப்பர், தகடு வைத்து அடைத்தாகிவிட்டது. பிளக் ஓட்டை வழியாக 7 பிஎஸ்ஐ ஏற்றினால் ஒரு நிமிடம் முள் நகரக்கூடாது. பிஸ்டனைக் கீழே நிறுத்தி வைத்தால்தான் கிராங்க்கேஸையும் சிலிண்டரையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் துவாரம் திறந்து கிராங்க்கேஸும் சேர்ந்து சோதனைக்கு வரும். இங்கே பத்தே விநாடியில் முள் விழுந்தது. சோப்பு நீர் தடவியதும் ஃப்ளைவீல் பக்க ஆயில் சீலில் நுரை.

ரீட் வால்வு எஞ்சினில் கவனிக்க வேண்டிய ஒன்று: அழுத்தம் ஏற்றும்போது ரீட் தானே மூடிக்கொள்ளும். அதனால் ரீடுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவே உள்ள பேக்கிங் ஓட்டையாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தெரியாது. அதே அளவு வெற்றிடம் இழுத்தால்தான் ரீட் திறந்து அந்தப் பேக்கிங்கும் அகப்படும். சீல் மாற்றியபின் அழுத்தச் சோதனையில் தேறிய இந்த மெஷின், வெற்றிடச் சோதனையில் மறுபடி தவறியது. காரணம் இன்டேக் பக்கத்துப் பேக்கிங். அழுத்தச் சோதனையோடு நிறுத்தியிருந்தால் ஐடிலிங்குக்காகக் கார்ப்பரேட்டரை நாள்கணக்கில் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பேக்கிங் வெட்டியது 0.4 மி.மீ. பேக்கிங் ஷீட்டில். பழையதை அச்சாக வைத்து, போல்ட் ஓட்டைகளைத் தோல் பஞ்சில் அடித்துவிட்டுப் பிறகு வெளி விளிம்பை வெட்டினால் கோணாமல் வரும்.

சீலை எடுக்க கேஸைப் பிரிக்க வேண்டாம். சீலின் தகட்டு முகத்தில் 2 மி.மீ. ஓட்டை போட்டு, தகட்டு ஸ்குரூ ஏற்றி, குறடால் இழுத்தால் வரும். ட்ரில் ஷாஃப்டைத் தொட்டுக் கீறினால் புதுச் சீலும் கசியும். அதனால் ட்ரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்தவும். புதியதை ஏற்றும் முன் சாவிப் பள்ளத்தின் மேல் செலோ டேப் ஒட்டி, உதட்டில் கிரீஸ் தடவி, உதடு உள்நோக்கி இருக்கப் பொருத்தமான சாக்கெட்டால் தட்டி இறக்கவும்.

ரீட் இதழ்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததில் ஒளி ஊடுருவவில்லை. ஊடுருவினால் மாற்ற வேண்டும். ஓடும்போது கார்ப்பரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் புகையாகப் பின்னால் தெறித்தாலும் ரீட்தான் காரணம்.

கார்ப்பரேட்டர், டியூப், டேங்க் மூடி

இந்த மாடலில் டில்லட்சன் ஹெச்எஸ், வால்ப்ரோ எஸ்டிசி இரண்டுமே வந்திருக்கின்றன. கார்ப்பரேட்டர் உடலில் பொறித்ததைப் படித்துவிட்டுத்தான் கிட் (டயஃப்ரம், கேஸ்கட் அடங்கிய மாற்றுப் பாகத் தொகுப்பு) வாங்க வேண்டும். இதில் இருந்தது டில்லட்சன். ஆர்கே-23ஹெச்எஸ் கிட் சரியாகப் பொருந்தியது. பிரிக்கும்போது ஒவ்வோர் அடுக்கையும் போட்டோ எடுக்கவும். மீட்டரிங் பக்கம் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் அறை) முதலில் கேஸ்கட், அதன் மேல் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு. மாற்றிப் போட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. மீட்டரிங் லீவரின் முனை அறையின் தரையோடு சமமாக இருக்க வேண்டும். உயர்ந்தால் பெட்ரோல் வழியும், தாழ்ந்தால் முழு வேகத்தில் பட்டினி கிடக்கும்.

கிட் போட்டும் ஐடிலிங் நிலைக்காவிட்டால் மெயின் நாசிலில் உள்ள செக் வால்வை (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) பார்க்கவும். மெல்லிய டியூபை வைத்து ஊதினால் போக வேண்டும், உறிஞ்சினால் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் போனால் ஐடிலிங்கில் அந்த வழியாகக் காற்று உள்ளே புகும்.

பெட்ரோல் டியூப் டேங்க் சுவரில் இறுக்கமாகச் செருகி நிற்க வேண்டும். ஓட்டையை விடச் சற்றுத் தடித்த டியூபை எடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, எண்ணெய் தடவி, உள்ளிருந்து குறடால் இழுத்தால் தானே அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் டேங்கின் மூலைவரை போக வேண்டும், மடங்கக்கூடாது. மீன் தொட்டி டியூப் ஒரு மாதம்கூடத் தாங்காது. மஞ்சள் டைகான் எஃப்-4040-ஏ அல்லது வைட்டான் டியூப் வாங்கவும். தமிழ்நாட்டு பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் பெட்ரோல் என்பதால் இங்கே இது இன்னும் முக்கியம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விட வேண்டும்.

ஐந்து நிமிடம் ஓடி நிற்கிறது, மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று போகிறது, மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் மூடியின் காற்று வால்வு அடைந்திருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டாம்.

பாகம் தேடுவது

ஹோம்லைட் 1955-ல் டெக்ஸ்ட்ரான் கைக்கும், 1994-ல் ஜான் டியர் கைக்கும் போனது. பழைய மாடல்களுக்குப் புதிதாகப் பாகம் வருவதில்லை. பெயரை வைத்துத் தேடினால் கிடைப்பது குறைவு, எண்ணை வைத்துத் தேடவும். உடலில் உள்ள தகட்டில் யூடி என்று தொடங்கும் எண் எந்த வகை என்பதைச் சொல்லும். அதை வைத்துப் படத்துடன் கூடிய பாகப் பட்டியலை எடுத்தால் ஒவ்வொன்றின் எண்ணும் கிடைக்கும். முன்னால் ஏ என்று இருந்தால் பல பாகம் சேர்ந்த தொகுதி. பின்னால் உள்ள எழுத்து திருத்தப் பதிப்பு. அந்த எழுத்தைச் சேர்த்தும் விட்டும் இரு முறை தேடவும். 58 சிசி சூப்பர் எக்ஸ்எல் இதன் நெருங்கிய உறவு, நிறைய பாகங்கள் பொது. ஓடாத ஒன்றை மொத்தமாக வாங்கிப் பிரிப்பது தனித்தனியாக வாங்குவதை விட மலிவு.

டப்பா பிரிக்காத பழைய சரக்கு என்று விற்பவற்றில் உலோகத்தை நம்பலாம். ரப்பரை வாங்கவே கூடாது. 1975-ல் செய்த டயஃப்ரமும் சீலும் டப்பாவுக்குள்ளேயே, மெஷினிலிருந்து கழற்றிப் போட்ட பழையதைப் போலக் கட்டியாகியிருக்கும். அந்தப் பாகங்களுக்குப் பெயரே வேண்டாம், அளவு போதும்: சீலுக்கு ஷாஃப்ட் விட்டம், கூட்டின் விட்டம், கனம் மூன்றையும் டிஜிட்டல் வெர்னியரில் எடுத்து பேரிங் கடையில் கொடுத்தால் வேலை நடக்கும். எல்லாம் அங்குல அளவு என்பதுதான் சிக்கல். வெளி விட்டம் மில்லிமீட்டரில் பொருந்தாவிட்டால் அங்குலச் சீலை வரவழைக்கவும். கூட்டைக் கடைந்து பெரிதாக்க வேண்டாம்.

ஸ்குரூவும் அப்படியே. இதில் வரும் 10-24-க்கு விட்டம் 4.83 மி.மீ., 12-24-க்கு 5.49 மி.மீ. இரண்டுக்கும் மரை இடைவெளி 1.06 மி.மீ. உள்ளூர் எம்5 போல்ட்டின் இடைவெளி 0.8. இரண்டு சுற்று போகும், பிறகு மக்னீசியம் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். கழற்றிய ஸ்குரூக்களை அட்டையில் படம் வரைந்து குத்தி வைக்கவும். மரை போன இடத்தில் ஹெலிகாயில் (மரைக்குள் செருகும் சுருள் கம்பி) போட்டால் பழையதை விட உறுதி.

செயின் வாங்க: மூன்று ரிவெட்டுகளின் நீளத்தை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச், அதாவது செயினின் அளவு. பாருக்கு ஸ்டட் பள்ளத்தின் அகலமும் ஆயில் ஓட்டை இருக்கும் இடமும் ஒத்திருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல்லில் அரை மி.மீ. பள்ளம் விழுந்திருந்தால் புதுச் செயினோடு அதையும் மாற்றவும், இல்லையேல் செயின் சீக்கிரம் நீளும்.

ஓட்டம்

லிட்டருக்கு 31 மி.லி. நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 32:1. கார்ப்பரேட்டரின் இரண்டு ஊசிகளும் (குறைந்த வேகத்துக்கு லோ, முழு வேகத்துக்கு ஹை) மெல்ல மூடி ஒரு சுற்று திறப்பு. ஏழாவது இழுப்பில் பிடித்தது. சூடானபின் முதலில் லோ ஊசி: த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் திணறாமல் ஏற வேண்டும். ஹை ஊசியை, சும்மா முழு வேகத்தில் சற்றுக் கரகரவென்றும் மரத்தில் இறங்கியதும் சீராகவும் ஒலிக்கும்படி வைக்கவும். சும்மா ஓடும்போதே கூர்மையாகக் கீச்சிட்டால் பெட்ரோல் குறைவு, பிஸ்டன் போய்விடும். ஐடிலிங்கில் செயின் அசையக் கூடாது.

இந்த மாடலுக்குச் செயின் பிரேக் கிடையாது, அதிர்வைத் தாங்கும் ரப்பரும் கிடையாது. பாரின் மூக்கு மேல்பகுதி மரத்தைத் தொட்டால் பார் உதைத்து முகத்துக்கே வரும். குறைந்த உதைப்புச் செயின்தான் போட வேண்டும், குட்டைப் பாராகவும் இருக்கட்டும்.

எட்டு அங்குல வேப்பங்கட்டையில் பதினைந்து வெட்டு. மூன்றாவது வெட்டிலிருந்தே பார் காய்ந்தது: ஆயில் பம்பின் ஓ-ரிங் அழுத்தம் பிடிக்கவில்லை. மாற்றியபின் நாலைந்து விநாடிக்கு ஒருமுறை பட்டனை அழுத்தியதில் வெள்ளைத்தாளின் மேல் ஆயில் கோடு தெளிவாகத் தெறித்தது. பாக்கி: கிளட்ச் பக்கச் சீல், இன்னும் கசியவில்லை என்றாலும் அதே வயது. ஸ்டார்ட்டர் கயிறு 4 மி.மீ.-ல் மாற்ற வேண்டும். சைலன்சர் ஸ்குரூ இரண்டும் சூட்டில் தளர்கின்றன, லாக் வாஷர் பார்க்க வேண்டும்.